பெட்டியில் இருந்த திகதி

என் கொன்டாக்ட் லென்ஸ் சீட்டு காலாவதியாகிவிட்டது என்று நாங்கள் இருக்கும் வென்ட்வேர்த்வில் மூக்குக்கண்ணாடிக் கடையில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணைச் சோதித்துப் புதுச் சீட்டு எடுத்தால்தான் லென்ஸ் தருவார்களாம். எனக்கு எங்கே நேரம்? அங்கே சீட்டில்லாமலும் வாங்கலாம் என்று, கொழும்பிலிருந்து வரவிருந்த மச்சாளுக்குப் பழைய லென்ஸ் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். மிளகாய்த்தூளோடு ஆறு பெட்டி லென்ஸும் வந்து சேர்ந்தன.

நான்கு மாதத்தில் வலது கண் உறுத்தத் தொடங்கியது. வேலையில் இருப்புக்கொள்ளவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை கார் ஓட்டும்போது சிக்னலின் சிவப்பு விளக்கு புகைபோலப் பரவித் தெரிந்தது. கடைசி நொடியில்தான் பிரேக் பிடித்தேன். பின் இருக்கையில் மகள் இருந்தாள். காரை ஓரமாக விட்டுவிட்டு, அவளோடு நடந்தே அதே கடைக்குப் போனேன்.

கண்ணைச் சோதித்தவர் ஒரு தமிழ்ப் பிள்ளை. "அன்ரி, கருவிழி வீங்கி, அதுக்குள்ள இரத்தக் குழாய் வளரத் தொடங்கிட்டுது. இந்த லென்ஸ் இப்ப உங்கட கண்ணுக்கு இறுக்கம். நல்ல காலம், இப்பவாவது வந்தீங்கள்" என்றார்.

"பெட்டியில போட்ட திகதி முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்குதே பிள்ளை?"

"அது லென்ஸுக்குப் போட்ட திகதி, அன்ரி. சீட்டில இருக்கிறதுதான் உங்கட கண்ணுக்கு."

கண் ஆறும்வரை லென்ஸ் போடாமல், இரண்டு மாதம் தடித்த மூக்குக்கண்ணாடியோடு திரிந்தேன். இப்போது சீட்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சோதனைக்கு நேரம் எடுத்துவிடுகிறேன். என்ன கொண்டுவர வேண்டும் என்று மச்சாள் போன வாரமும் கேட்டார். மிளகாய்த்தூள் மட்டும் போதும் என்றேன்.