அட்டை போடாத புத்தகம்

கம்பெனி பஸ்ஸில் சௌந்தரராஜன் படிக்கும் எந்தப் புத்தகத்துக்கும் பெயர் கிடையாது. செய்தித்தாளால் அட்டை போட்டுவிடுவார். பக்கத்து சீட்டு திம்மப்பன் கேட்காத நாளில்லை.

"என்னாங்க அண்ணாச்சி, பொண்டாட்டிக்குத் தெரியாத சமாச்சாரமா உள்ள?"

உள்ளே இருந்ததென்னவோ துப்பறியும் கதைதான். ஆனாலும் தின்ற சோற்றைப் போல, படித்ததும் தனக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அதனால் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஜெகதீஷ், மின்புத்தகக் கருவி ஒன்றை வாங்கித் தன் கணக்கிலேயே எல்லாம் போட்டுக் கொடுத்தபோது மனிதருக்குப் பரம திருப்தி. அட்டையே இல்லாத புத்தகத்தை யார் என்னவென்று கண்டுபிடிப்பது? திம்மப்பன்கூட ஓய்ந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி முத்துமணியின் வயிற்றுவலிக்கு டாக்டர் ஒரு நோயின் பெயர் சொன்னார். வைத்தியம் சொல்லவில்லை. சாத்தூரிலிருந்து புருஷனை நம்பி ஓசூர் வந்த முத்துமணி, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஜெகதீசு ஜெர்மனிக்கு வேலைக்குப் போற வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது. வாயைத் தெறந்தீகன்னா, அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டேன், பாத்துக்கிடுங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. கருவியைத் திறந்தார். சாகப்போகிறவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் இருந்தது. தொட்டதும் வந்தது, யார் காசில் வந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. கம்பெனியில் இயந்திர வரைபடங்களில் தவறவிடக் கூடாத அளவுகளின் கீழே கோடு போட்டே பழகிய கை. முக்கியமான வரிகளுக்கெல்லாம் விரலால் கோடு போட்டபடி படித்தார்.

ஒரு காலையில், பஸ் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பும்போது, அவர் போடாத கோடு ஒன்று தென்பட்டது. 'சாப்பிட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.' விரல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஜெகதீஷ் இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றான். ஜெர்மனி வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். முத்துமணி புருஷனைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லலம்மா," என்றான் மகன். "அந்த மெஷின் என் பேர்ல இருக்கு. அவர் வாங்குறது, போடுற கோடு, எல்லாம் என் போனுக்கும் வரும். நான் போட்ட கோடும் அங்க வந்திருக்கும். தனிக் கணக்கு போட்டுக் குடுத்திருக்கணும். நாந்தான் விட்டுட்டேன்."

"பொய்க்கும் ஒரு அளவு வேணும்ல. புஸ்தகம் வந்து சொல்லுச்சாக்கும்."

வாழ்நாளெல்லாம் வாக்குத் தவறாதவள். புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஜெகதீஷ் அன்றைக்கே கருவியை அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். இனி அவர் என்ன படித்தாலும் யாருக்கும் போகாது. அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. முத்துமணியின் கட்டிலருகே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார். அடுத்த அத்தியாயம், பேச வேண்டியதை இப்போதே பேசிவிடுங்கள் என்று தொடங்கியது. அதற்குக் கீழே கோடு போடவில்லை.

"ஜெகதீசு, தண்ணி குடுய்யா."

செம்பு சௌந்தரராஜனின் கைக்கருகில்தான் இருந்தது. டம்ளரில் ஊற்றி மகனிடம் நீட்டினார். அவன் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தான்.