அழிக்காமல் விட்ட நான்கு எழுத்துகள்

எழுபதுகளில் மெல்பேர்ன் கல்லூரி ஒன்றில் யூதர் வரலாறு படிப்பித்தேன். கடவுளின் பெயரை எழுதிவிட்டால் யூதர்கள் அதை அழிக்கமாட்டார்கள் என்று விளக்கி, அந்தப் பெயரின் நான்கு எபிரேய எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மணி அடித்ததும் பழக்கத்தில் டஸ்டரை எடுத்தேன்.

"மிஸ், அழிக்காதேங்கோ!"

கத்தியவர், தையல் தொழிற்சாலையிலிருந்து நேரே வகுப்புக்கு வரும் யூத மாணவர்.

என் பிழை எனக்கு விளங்கியது. ஒப்புக்கொள்ள ரோசம் விடவில்லை.

"வெறும் சோக்கட்டித் தூள்தானே?" என்றேன்.

வெடுக்கென்று திரும்பியதில் மேசையில் இருந்த புத்தகம் என் காலில் விழுந்தது. என்னையறியாமல் குனிந்தெடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மிஸ், அது வெறும் கடதாசிதானே?"

டஸ்டரை வைத்துவிட்டேன். அந்தப் படிப்புத் தவணை முழுவதும் மிச்சப் பலகையில்தான் எழுதினேன்.