பத்து நிமிடம் முந்தும் கடிகாரமும் ஒரு சட்டி நூடுல்ஸும்

கோழித் துண்டுகள் முப்பத்திரண்டு. பூண்டு பன்னிரண்டு பல். வெங்காயத்தாள் ஆறு தண்டு. எண்ணி முடித்துவிட்டு இன்னொரு முறையும் எண்ணினேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன் எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மருமகளுக்கு அன்று இரண்டு மணிக்குச் சோதனை. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கோக்கும் கம்பெனியில் ஒன்றரை வருடமாகப் பயிற்சியில் இருக்கிறாள். ஒரு மணி நேரம் நின்றபடி நூற்றிருபது இணைப்புகளைத் தப்பில்லாமல் கோத்துக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இதே சோதனை போன வாரமும் நடந்தது. காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து எழுந்தவள், வெறும் வயிற்றோடு போய், நாற்பதாவது நிமிடத்தில் லைனிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். சூப்பர்வைசர் இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரசத்தின் வாசனைக்கே எழுந்து போனாள். என் மனைவி மூத்த மகளின் பிரசவத்துக்காகக் காஞ்சிபுரம் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மகனுக்கு முதல் ஷிப்ட், விடியுமுன் கிளம்பிவிடுவான். வீட்டில் மிச்சம் நான். உப்புமாவும் டீயும் மட்டும் தெரிந்தவன்.

முந்தின நாள் அவளாகவேதான் சொன்னாள்: "ஹாஸ்டல்ல இருக்கப்ப சைனீஸ் நூடுல்ஸ் கிண்டுவோம் மாமா. சிக்கன் போட்டு. அதுன்னா இறங்கும்னு தோணுது."

அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தார்கள். ஒரே அடுப்பு. குளித்து வருவதற்கும் பஸ் வருவதற்கும் நடுவில் இருபது நிமிடத்தில் சமைத்து, சட்டியைச் சுற்றி உட்கார்ந்து தின்பார்களாம். தானே செய்கிறேன் என்றாள். நான் விடவில்லை. அன்று அவள் கால்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தேவை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சமைக்கச் சொன்னேன்.

கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கு ஒன்று ஐந்துக்கு வரும். ஒரு நிமிடம் நிற்கும்.

இங்கே எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பத்து நிமிடம் முந்தி ஓடும். ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கும் வீடுகளில் பாதியில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு அது பிடிக்குமா? பொய் மணி, பொய் மணி என்று மகனைத் திட்டிக்கொண்டே இருப்பேன். ஆனால் பார்த்த மாத்திரத்தில் மனம் தானாகப் பத்தைக் கழித்துவிடும்.

கடிகாரம் பன்னிரண்டு இருபத்தைந்து காட்டியது. ஆக, மணி பன்னிரண்டே கால். கணக்குப் போட்டேன். தண்ணீர் கொதிக்க ஒன்பது நிமிடம், நூடுல்ஸ் வேக நான்கு, கோழி ஆறு, கிளற நான்கு. அவள் சாப்பிடப் பன்னிரண்டு, தெருமுனைக்கு நடக்க ஐந்து. மொத்தம் நாற்பது. கையில் இருப்பது ஐம்பது. மிச்சம் பத்து நிமிடத்தை என்ன செய்வது? கோழி வேகாமல் போய் அவள் வயிறு கெட்டால் என்ற பயம் வந்தது. சோயா சாஸ், மிளகுத்தூள், சோள மாவு போட்டுப் பிசறி அந்தப் பத்து நிமிடமும் ஊற விட்டேன்.

"உப்பு போட்டுறாதீய மாமா. சாஸ்லயே இருக்கு."

"போடலம்மா" என்றேன். போட்டுவிட்டுத்தான் சொன்னேன். உப்பே போடாமல் ஒரு சட்டியை அடுப்பில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

"தண்ணிய வடிச்சதும் பச்சத் தண்ணி ஊத்துங்க. இல்லன்னா களியாயிரும்."

ஊற்றினேன். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் புரட்டினேன். இரும்புச் சட்டியைக் காயவைத்தேன். புகை வர வேண்டும் என்றாள். புகை வந்தது. எனக்கு இருமலும் வந்தது.

"இப்ப தீயக் கொறைக்கப் பாப்பீய. கொறைக்காதீய!"

எப்படித் தெரிந்ததோ, என் கை திருகின் மேல்தான் இருந்தது. பூண்டு போட்டேன், சடசடவென்று தெறித்து முழங்கையைச் சுட்டது. கோழி. பிறகு கேரட், கோஸ், குடைமிளகாய். கரண்டி நிற்கவே கூடாது. கடைசியில் நூடுல்ஸைக் கொட்டி, இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் போட்டு, ஓரத்தில் சாஸும் ஒரு மூடி வினிகரும் விட்டபோது எழுந்த வாசனையில், கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவளாகவே எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மணி என்ன மாமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. "பன்னண்டு நாப்பத்தெட்டு. மெதுவா சாப்பிடு."

அவளும் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். ஊதி ஊதி ஒரு வாய். சிறிது தண்ணீர். இன்னொரு வாய். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது வாயும் இறங்கியது. இத்தனை நாளில் அதுவே அதிகம்.

அப்போது உள்ளறையில் சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அடுத்த தெருப் பெண், கம்பெனியில் இவளோடு அதே லைனில் நிற்பவள்.

"அக்கா, இன்னாக்கா பண்ணிக்கினு கீற? பஸ்ஸு வந்து நிக்குது! டிரைவரு ஹாரன் மேல ஹாரன் அடிச்சிக்கினு கீறாரு!"

"இப்பமேவா? மணி இன்னும் ஒண்ணு ஆவலயேடி!"

"இன்னாது ஆவலயா? ஒண்ணு அஞ்சுக்கா!"

மருமகள் போனின் முகப்பைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு என்னை. காலையில் ஃப்ரிட்ஜின் மேல் கிடந்த பழைய பேட்டரி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ரிமோட்டுடையது என்று டிராயருக்குள் போட்டிருந்தேன். யாரோ கடிகாரத்துக்குப் புதிது போட்டு, மணியைச் சரியாகவே வைத்திருக்கிறார்கள். நான் சரியான மணியில் பத்தைக் கழித்திருக்கிறேன்.

தட்டை வைத்துவிட்டு ஓடப் போனாள். உச்சி வெயிலில், நான்கு வாய்ச் சாப்பாட்டோடு.

"ஓடாத! ஷூவப் போடு" என்றேன். அந்த பஸ் எங்கள் முனையிலிருந்து மண்ணூரைச் சுற்றி, இன்னும் இரண்டு இடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டுதான் பெரிய ரோட்டுக்கு வரும். ஏழு நிமிடம் ஆகும். ஏரிக்கரை வழியாக என் மொபெட்டில் போனால் எங்களுக்கு ஐந்து. நூடுல்ஸை டப்பாவில் அள்ளினேன். அள்ளியதில் கால் பங்கு மேடையில் சிந்தியது.

மொபெட் நான்காவது உதைக்குக் கிளம்பியது.

"பின்னாடி உக்காந்து சாப்பிடும்மா."

"விழுந்துருவேன் மாமா!"

"ஒரு கையால என்னப் பிடிச்சிக்க."

என் இடுப்புச் சட்டையை ஒரு கை பற்றியது. ஸ்பூன் டப்பாவில் இடிக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. ஏழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, ஏறி, இறங்கினேன்.

"எத்தினி வாய் ஆச்சு?"

"எண்ணல. நீங்க ரோட்டப் பாருங்க."

"வண்டி ஆடுதே, வாந்தி வருதா?"

"நீங்க பேசாம வந்தா வராது."

பெரிய ரோட்டை நாங்கள் தொட்டபோது பஸ் கடைசி ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. கையை நீட்டியபடியே குறுக்கே போய் நிறுத்தினேன். ஜன்னல்களில் பெண்களின் தலைகள்.

"தாத்தா, எங்களுக்கு பார்சல் இல்லியா?"

டப்பாவை என் கையில் திணித்துவிட்டு அவள் ஏறினாள். திறந்து பார்த்தேன். காலி. ஒரு கேரட் துண்டு மட்டும் ஒட்டியிருந்தது.

மூன்றரைக்கு மகன் ஷிப்ட் முடிந்து வந்தான். கடிகாரத்தைக் காட்டினேன்.

"காலைல நின்னுபோச்சுப்பா. பேட்டரி மாத்தி கரெக்டா வச்சேன். நீதான பொய் மணி, பொய் மணின்னு உசுர எடுப்ப?"

லைனுக்குள் போன் கூடாது. டீ இடைவேளை நாலு பத்துக்கு. அதுவரை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். நாலு பத்து ஆயிற்று. நாலு பன்னிரண்டு ஆயிற்று. நாலு பதினான்குக்குப் போன் அடித்தது.

"விழலியே?" என்றேன்.

"விழுந்தா இப்படிப் பேசுவேனா? நூத்தி இருவதும் முடிச்சாச்சு மாமா. அம்பத்தாறு நிமிசம். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுட்டாரு."

நடப்பதை நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மாமா, உப்பு போட்டீயல்லா?"

"அரை ஸ்பூன்."

"அரையா?"

"ஒண்ணு."

"டெஸ்ட் பூரா நாக்கு வறண்டுட்டு" என்றாள். சிரித்தாள். போனை வைத்துவிட்டாள்.

சட்டியில் மிச்சம் ஆறிக் கிடந்ததை மகனும் நானும் சாப்பிட்டோம். ஒன்று அல்ல, ஒன்றரை ஸ்பூன் போட்டிருக்கிறேன். கை கழுவிவிட்டு, மகனை நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முந்தி வைக்கச் சொன்னேன்.