மாமனார் நம்பருக்கு வந்த வாழ்த்து

எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டர், ரேஷன், கரண்ட் எல்லாவற்றுக்கும் கொடுத்திருப்பது மாமனாரின் போன் நம்பர்தான். யார் கேட்டாலும் என் வாய் தன்னாலே அதைத்தான் ஒப்பிக்கும். பாபநாசம் மருந்துக் கடையொன்றில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கியபோதும் அதையே ஒப்பித்துவிட்டு வந்தேன். புத்திகெட்டவள்!

வீட்டில் பார்த்தால் ஒரே கோடு. இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம். அழுது முடித்து முகம் கழுவும்போது மாமனார் போனை நீட்டிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏம்மா, இந்தக் கூத்தப் பாரேன். நான் அம்மாவாகப் போறேனாம்! வாழ்த்து சொல்லி, குழந்தை சோப்புக்குத் தள்ளுபடி தர்றானாம்!"

டீக்கடையிலும் படித்துக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவருக்கு விளங்கவில்லை; மாமியாருக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய் சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி களைந்து உலை வைத்தார். "இல்லைங்க அத்தை" என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அடுப்பை அணைத்தார். என் வயிற்றுச் சேதியை என்னைக் கேட்காமல் ஊருக்கு விற்க இந்தக் கடைக்காரன்கள் யார்? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாளே ஊர் நுகர்வோர் சங்கத்துக்குப் போனேன். சங்கம் என்றால் ரிட்டயர் ஆன நாலு பேர், ஒரு மேசை. மருந்து வாங்குகிறவர்களிடம் போன் நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது, வாங்கியதை விளம்பரக்காரர்களுக்குச் சொல்லக் கூடாது, கடைதோறும் அப்படிப் பலகை வைக்க வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதினோம். விஷயம் விளங்கியதும் மாமனாருக்கு மனசு உறுத்தல். "கையெழுத்து நான் வாங்கியாறேன்" என்று நடவு நடந்த வயலெல்லாம் அலைந்தார்.

தாளைப் பிரித்தோம். ஒவ்வொரு கையெழுத்துக்குப் பக்கத்திலும் முத்து முத்தாகப் போன் நம்பர்!

"நம்பர் இல்லாத மனு செல்லுமா? கேட்டு வாங்கறதுக்குள்ள தொண்டத்தண்ணி வத்திப்போச்சு" என்றார் பெருமையாக.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு விலா நோவெடுத்தது. மார்க்கர் வாங்கி அத்தனை நம்பரையும் மெழுகினோம்.

"என்னங்க இது, கருப்பு கருப்பா?" என்று கேட்டார் மனு வாங்கிய அதிகாரி.

"நம்பருங்க சார். உங்களுக்கும் கிடையாதுங்க."

அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு விட்டேனா நான்? மாசாமாசம் போய் நின்றேன். ஒருவழியாக எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் பலகை ஏறியது: 'போன் நம்பர் கட்டாயமில்லை.' அதன் கீழே நின்று செல்பி எடுத்துக்கொண்ட ஒரே பைத்தியம் நான்தான்.

அறுப்பு சமயத்தில் மறுபடி நாள் தள்ளிப்போனது. அதே கடை. "நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள் பில் போடும் பெண். "மாட்டேனே!" என்றேன்.

இரண்டு கோடு! கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன். ஐயோ, குதிக்கக் கூடாதே என்று அப்படியே உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை அது எனக்கு மட்டும் தெரிந்த சேதி. களத்திலிருந்து கணவர் வந்ததும் காதோடு சொன்னேன். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்லங்க. உங்களுக்குத்தான் மொதல்ல."