பயந்த எலிக்கு ஞாபகம் இருக்காதா?

வீட்டில் எலியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்பவள் என் மனைவி மல்லிகா. போன மாதம் ஓர் எலிக்காகத் தம்பியோடு சண்டை போட்டாள்!

தம்பி செந்தில் விழுப்புரத்தில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறான். அவனைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து போயிருந்தோம். "வாங்க மாமா, லேபைக் காட்டறேன்" என்று அழைத்துப் போனான்.

பெரிய வட்டத் தொட்டி. பால் பவுடர் கலந்த தண்ணீர். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து, எலி நீந்திப்போய் மேடையில் ஏற வேண்டும். மற்ற எலிகள் ஜோராக ஏறின. ஒன்று மட்டும் தொட்டி ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது.

"இதான் மாமா பேஜாரு. இடத்தை ஞாபகம் வெச்சிக்க மூளையில ஹிப்போகேம்பஸ்னு ஒண்ணு இருக்குது. இதுக்கு அதுல கோளாறு போல. நாளைக்கே மூளையை எடுத்துப் பாத்துடப் போறேன்."

மூளையை எடுத்த பிறகு எலி...? கேட்கவே வேண்டாம்.

மல்லிகா பொங்கிவிட்டாள்.

"ஜல்தி ஜல்தின்னு வாலைப் புடிச்சித் தூக்கினு போய்ப் போடற. நடுங்கிக்கினு இருக்கறது எங்கடா படத்தைப் பாக்கும்? பத்தாவது பரீட்சையில பயந்துபோய் வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வந்தியே... உன் மூளையை யார்றா எடுத்துப் பாத்தா?"

செந்தில் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். குடும்பஸ்தனுக்கு அதுதான் பாதுகாப்பு!

அன்று முதல் செந்தில் அந்த எலியைத் தினமும் கையில் ஏந்தித் தடவிக் கொடுத்தானாம். பயம் தெளிந்த பிறகே மறுபடி நீந்த விட்டிருக்கிறான். போன வாரம் போன் வந்தது.

"அக்கா! நேரா போய் ஏறிக் குந்திக்கிச்சிக்கா! ஞாபகம்லாம் நல்லாத்தான் இருக்குது. சுபாவந்தான் பயந்த சுபாவம்."

"அது கெடக்கட்டும். வெட்டுவியா, மாட்டியா?"

"மாட்டேங்க்கா. குட்டி போடற கூண்டுல வுட்டுட்டேன்."

மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எலிக்காக!

பதில் சொல்லாமல் நிற்பவனை 'மக்கு' என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! அதட்டுகிற நம் குரலை யார் சோதித்துப் பார்ப்பது?

செந்திலின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடுக்கும் யாராவது இதைச் சொன்னால் தேவலை. அவர் கேள்வி கேட்டால் பையனுக்குத் தன் பெயரே மறந்துபோகிறதாம்!