அக்காவுக்கு மூக்கடைத்த நேரம்

சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயரே ‘மூக்கு’தான். “மூக்கு வந்தாச்சா?” என்று மேலாளர் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. புதிதாகக் கலக்கிய வாசனை எண்ணெயில் காகிதக் கீற்றைத் தோய்த்து அவளிடம் நீட்டுவார்கள். முகர்ந்துவிட்டு, “எலுமிச்சை தூக்கலா இருக்கு” என்பாள். சில நாள், “டிரம்மை யாரோ சரியா கழுவல” என்பாள். அடுத்த கீற்றை எடுக்கும் முன் தன் முழங்கையின் உள்மடிப்பை ஒருமுறை முகர்ந்துகொள்வாள். அங்கே இருப்பது அவளுடைய வாசனை மட்டும், மூக்கு தெளிந்துவிடும். அந்த அறையில் எல்லோருக்கும் இதே பழக்கம். வெளியாள் எட்டிப் பார்த்தால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வருகிறது என்று நினைப்பான்.

இந்த வித்தையை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். தம்பிக்குப் பிடித்தது சனி.

தம்பிக்குப் பதினேழு வயது. மீசை வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. அப்பா வெளியூர் லாரியில். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இரவு வேலை. ஆகவே சனிக்கிழமைகளில் வீட்டுக்கு அதிகாரி அக்காதான். சமீபத்தில் தம்பிக்கு ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அதன் தலைவனை எல்லோரும் ‘நெட்டை’ என்பார்கள். நெட்டைக்கு ஒரு பைக் உண்டு; பாட்டும் ஆட்டமும் நடக்கும் பாரின் வாசலில் வயது கேட்காத ஓர் ஆளும் பழக்கம்.

மற்ற வீடுகளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். இவள் மூக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தம்பி செருப்பைக் கழற்றும்போதே தன் முழங்கையை ஒரு முறை, அவன் காலரை ஒரு முறை.

“மேல பெப்பர்மின்ட். அதுக்குக் கீழ சிகரெட், அது உன்னோடது இல்ல. அதுக்குக் கீழ பீர்.”

“சட்டையில கொட்டிட்டாங்கக்கா.”

“பாவம், குறி பாத்து வாயிலயே கொட்டியிருக்காங்க போல.”

“நீ அக்காவா, மோப்ப நாயா?”

“நாய்தான். பிஸ்கட்டுக்கு மசியாத நாய். போய்ப் படு.”

வாய்தான் கிண்டல் பேசும். படுத்த பிறகு தூக்கம் வராது. அவர்களுடைய சித்தப்பா ஒருவர் “ஒரு கிளாஸ்தானே” என்று ஆரம்பித்தவர். இப்போது கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். தம்பிக்கும் அப்படி ஒரு நாற்காலி வாய்த்துவிடுமோ என்பதுதான் அவள் பயம்.

இந்த நிலையில் அவளுக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி அல்ல. சோப்புக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேலாளர் துக்கம் விசாரிப்பவர்போல வந்து நின்று, அவளை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு அனுப்பினார். வீட்டில் அடுப்பில் பால் கருகிக்கொண்டிருந்தது. இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பால் தீயுது!” தம்பி ஓடிவந்தான்.

“அப்படியா?”

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகம் லாட்டரி விழுந்தவன் முகம்போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவன் திரும்பி வந்தபோது, பழக்க தோஷத்தில் முழங்கையை முகர்ந்தாள், காலரை முகர்ந்தாள். இரண்டும் ஒன்றுதான்.

“சரி, போய்ப் படு.”

அவன் உடனே போகவில்லை. எதற்கோ காத்திருப்பவன்போல நின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவள் தலைக்குமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“அக்கா, தூங்கிட்டியா?”

“கொதிக்கிற தண்ணிக்கு மேல எவடா தூங்குவா?”

“நேத்து குடிச்சேன்.”

துண்டு அசையவில்லை. “எவ்ளோ?”

“மூணு பீர். அப்புறம் நெட்டை வேற ஏதோ ஊத்தினான், என்னன்னு தெரியல. நம்ம மாடிப்படியில வாந்தி எடுத்துட்டேன். அப்புறமா நானே கழுவிட்டேன்.”

காலையில் ஈரமான படியைப் பார்த்து, கீழ்வீட்டு அம்மாவுக்கு என்ன சுத்தம் என்று அவள் மெச்சியிருந்தாள். துண்டை வீசிவிட்டு எழுந்து நாலு சாத்து சாத்தக் கை பரபரத்தது. ஆனால் பையன் துண்டிடம் பேசிக்கொண்டிருந்தான். முகத்தைக் கண்டால் நிறுத்திவிடுவான். உள்ளேயே இருந்தாள்.

“இத்தனை நாள் ஒரு வாய்க்கு மேல குடிச்சதில்லக்கா. அவன் ஊத்த வந்தா, ‘எங்க அக்கா மோந்துடுவா, அப்புறம் வீட்டைவிட்டே வெளிய விடமாட்டா’ன்னு சொல்லுவேன். சிரிப்பானுங்க, ஆனா விட்டுடுவானுங்க.”

“நேத்து மட்டும் என்னவாம்?”

“பால் கதைய நான்தான் சொல்லித் தொலைச்சேன், சும்மா சிரிப்புக்கு. ‘அப்போ இனிமே என்னடா தடை’ன்னு கிளாஸ கையில குடுத்துட்டான்.”

“வேணாம்னு சொல்ல உனக்குன்னு ஒரு வாய் இல்லையா?”

“உன் மூக்க சொல்றது ஈசியா இருந்துச்சு.” நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, மின்சாரம் எப்போது வரும் என்று கேட்பவன் எரிச்சலோடு கேட்டான்: “எப்பதான்க்கா சரியாகும்?”

“பத்து நாள் ஆகும்னு டாக்டர் சொன்னாரு.”

“பத்து நாளா? நடுவுல சனிக்கிழமை வருதே!”

அவள் துண்டை விலக்கினாள். முகம் வெந்த பீட்ரூட்போல இருந்தது. அவன் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் வாங்கிக் கட்டிக்கொண்டான். நெட்டை, பைக், என்னவென்று தெரியாமல் குடித்தது என்று ஒன்றும் பாக்கியில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டான்: “அம்மாகிட்ட சொல்லப்போறியா?”

“நீ சொல்லு. மூக்குதான் அடைச்சிருக்கு, காது நல்லா இருக்கு. பக்கத்துல நின்னு கேக்குறேன்.”

அம்மாவிடம் சொன்னான். அது தனிக் கதை. அதில் துடைப்பமும் வரும். அதன்பிறகு வாரம் முழுக்கத் தம்பியே தண்ணீர் கொதிக்கவைத்தான். தைலம் போட்டு, “இழுக்கா, நல்லா இழு” என்று பக்கத்தில் நின்றான். இப்படியொரு கவனிப்பை அவளுக்கு டைபாய்டு வந்தபோதுகூட அவன் காட்டியதில்லை. மூக்கு மட்டும் மசியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நெட்டை வந்து வாசலில் நின்றான். “தம்பி ரெடியாக்கா?”

தம்பி அறைக்குள்ளிருந்து அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தான், காற்றுதான் வந்தது.

அவள் எழுந்தாள். முழங்கையின் உள்மடிப்பை நிதானமாக முகர்ந்தாள். பிறகு நெட்டையின் சட்டைப் பக்கம் குனிந்து ஓர் இழுப்பு இழுத்தாள். செங்கல்லை முகர்ந்ததுபோல இருந்தது. ஒன்றும் பேசாமல் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. “அக்கா... மத்தியானம் ஒண்ணே ஒண்ணுக்கா. ஃப்ரெண்டுக்குப் பொறந்தநாள்.”

“இந்த ஒண்ணோடதான் என் தம்பிய பின்னாடி உக்கார வச்சு ஓட்டப்போறியா?”

“இல்லக்கா, அது வந்து...”

“சாவி.”

தந்துவிட்டான். “எப்பக்கா தருவீங்க?”

“நாளைக்கு உங்க அம்மாவ வந்து வாங்கிக்கச் சொல்லு. இப்ப நடந்து போ. காத்தோட்டமா இருக்கும்.”

நெட்டை படியிறங்கும் சத்தம் தேயும்வரை தம்பி மூச்சுவிடவில்லை. பிறகு கிசுகிசுத்தான்: “மூக்கு வந்துடுச்சாக்கா?”

அவள் சாவியை மேல் அலமாரியில் எறிந்துவிட்டுக் குக்கரைக் கழுவப் போனாள். அடுத்த சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது. காலாகாலத்துக்கும் இவனுக்கு மூக்கை இரவல் கொடுக்க முடியாது. வேண்டாம் என்று அவனே சொல்லிப் பழகட்டும் என்று நாளைக் காலை சொல்லவேண்டும்.

தம்பி அதற்குள் பால்கனியில் நின்று, கூட்டத்தில் இன்னொருவனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். “டேய், வந்துடுச்சுடா. ஆமா, முழுசா. இல்லடா, இன்னிக்கி வரமுடியாது, என்ன பண்றது சொல்லு...”

குரலில் அப்படி ஒரு சோகம். முகத்தில் மட்டும் பொட்டுச் சோகம் இல்லை.