லாரி திரும்ப முடியாத பாதை

கண்டக்டர் ஏகாம்பரம் காலமான செய்தி எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. போட்டவர் அவருடைய மகன். படித்ததும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவர் பெயரைக்கூடக் கேட்டிராத மகன் எங்கள் குழுவுக்குள் எப்போது வந்தார்? யார் சேர்த்தது? ஏகாம்பரம் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றிய பிறகே அழுகை வந்தது. கடையை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

உங்களில் பலர் அவரைப் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். திண்டிவனம் செஞ்சி தடத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. ஓய்வு பெற்ற பின் வல்லம் பக்கம் ஒரு குன்றுச் சரிவில் இருந்த குடும்பத் தைலமரத் தோப்பைப் பார்த்துக்கொண்டார். காகித ஆலைக்குப் போகிற மரங்கள். வெட்ட வெட்ட அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெளிநாட்டு பைன் காடுகளில் சைக்கிளில் சரிவிறங்குகிற வீடியோக்களைப் பார்த்துப் பித்துப் பிடித்துப்போய், நாங்கள் ஐந்து பேர் இடம் தேடி அங்கே போய்ச் சேர்ந்தோம். மரம் வெட்டும் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உச்சியிலிருந்து தார்ச்சாலை வரை சருகை ஒதுக்கி நேராக ஒரு பாதை போட்டோம். தோப்புக்காரரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் ஞாயிறே ஏகாம்பரம் பாதையின் நடுவில் தடியோடு நின்றார். பிரேக்கைப் பிடித்து, வழுக்கி, சருகுக்குள் போய் விழுந்தேன். அவர் கைகொடுக்கவில்லை.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல சார். சும்மா சைக்கிள் வுடலாம்னு."

"சும்மா எவனாவது மலையேறுவானா? தோ, பக்கத்து மலைய பாருங்க. அங்கயும் மொதல்ல ஒரு ஒத்தையடிப் பாததான் போட்டானுங்க. அப்புறம் டிராக்டரு வந்துச்சு. அப்புறம் வெடி."

பார்த்தேன். அந்தக் குன்றில் பாதிதான் மிச்சம் இருந்தது. ஏகாம்பரம் என் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லு ஒடைக்கறவன்தான் இந்த மாதிரி தொப்பி போடுவான்" என்றார். திண்டிவனத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னேன். மறுநாள் கடைக்கே வந்து, ஒரு பிரேமைக்கூடத் தொடாமல், சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எந்தப் புதுமுகம் வந்தாலும் அதே கேள்விதான். ஒருமுறை எனக்குக் கோபம் வந்து, வருகிறவர்களை ஏன் இப்படி விரட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "எறங்கற எடத்த எவனும் மறைக்க மாட்டான், கண்ணாடிக்காரரே. ஏறுன எடத்ததான் மறைப்பான். முப்பது வருசம் பஸ்ல பாத்தவன் நானு" என்றார்.

அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. பாதை நேராகப் போகக் கூடாது. "வளைஞ்சு வளைஞ்சு போவட்டும். லாரி வந்தா திரும்பக் கூடாது, தெரியுதா?" எங்கே வளைய வேண்டும் என்பதை அவரே தடியால் கீறிக் காட்டினார். முனகிக்கொண்டே வெட்டினோம். இன்று புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் புகழ்வதெல்லாம் அந்த வளைவுகளைத்தான். யார் போட்டது என்று வியந்து கேட்பார்கள். சைக்கிளே ஓட்டத் தெரியாத ஒருவர் குவாரிக்குப் பயந்து போட்டது என்றால் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு முறை மரம் வெட்டிய பிறகும் பாதை கொஞ்சம் அகன்றுவிடும். ஏகாம்பரம் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பார். "அகலமாவுது. பேஜாரு" என்பார். அந்த ஞாயிறு எங்களுக்கு மண்வெட்டி வேலைதான்.

எங்களையும் அவர் முழுதாக நம்பியதில்லை. நான் அடிக்கட்டையில் மோதித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேகவைத்த மல்லாட்டையோடு வந்து உட்கார்ந்தார். கடலையை உரித்து உரித்துக் கையில் கொடுத்தார். என் மனைவி காபி வாங்க வெளியே போனதும் குனிந்து, "இப்பனாச்சும் சொல்லுங்க. யாரு அனுப்பிச்சாங்க?" என்றார். சிரித்ததில் தோள் வலி உயிர் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மனிதரை எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நிமிஷம் தெரிந்தது.

கருமாதியன்று பந்தலில் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணா, அப்பா பேர்ல உங்களுக்கு எதுனா செய்யணும்னு ஆச. அந்த வளைவெல்லாம் பேஜாரா இருக்குதுல்ல? நேரா, நல்லா அகலமா ஒரு பாத போட்டுடலாம். ஜேசிபி கூட நானே அனுப்பறேன்."

"யாரு சொன்னாங்க தம்பி?" என்று கேட்டேன்.

அவர் பந்தல் வாசலைப் பார்த்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

விடைபெறும்போது ஏகாம்பரத்தின் மனைவியிடம் கைகூப்பினேன். தோப்பு இப்போதும் மனைவி பெயரில்தான் இருக்கிறது. "ஞாயித்துக்கெழம வந்துடுங்க. ரோட்டாண்ட ஒரு வளைவு பாக்கி இருக்குது" என்றார் அந்த அம்மாள்.

கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அவரிடமும் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "யாரு சொன்னாங்கம்மா?"

"அவருதான்" என்றார், கண்ணை எடுக்காமல்.

ஏகாம்பரத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். அதைச் சும்மா வைத்திருக்கப் போவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் ஞாயிறு காலை மண்வெட்டியோடு வாருங்கள், அந்தக் கடைசி வளைவை வெட்டி முடிக்க வேண்டும். பாதையின் நடுவில் நான் நின்றுகொண்டிருப்பேன். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்பேன். அவர் பெயரைச் சொல்லுங்கள், வழி விடுகிறேன்.